தண்ணீரில் 90%, சிறுநீரில் 40%: அமிட்ரிப்டிலின் ஏன் ஒட்டவில்லை

காந்தத்தால் இழுக்கக்கூடிய கார்பன் நானோகுழாய்த் துகளைக் கொண்டு அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பிரித்தெடுத்தால், தண்ணீரில் 90% திரும்பக் கிடைக்கிறது, சிறுநீரில் 40%தான்; ஏன் என்பதே கேள்வி. தீர்வு: காந்த நானோகுழாயைப் போடுவதற்கு முன் சிறுநீரின் பிஹெச்சை (அமில-கார அளவை) 10-க்கு ஏற்றுங்கள்.

அமிட்ரிப்டிலினின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் இழந்திருக்கும் பிஹெச்) சுமார் 9.4. பிஹெச் 6-இல் அது நேர்மின் அயனி. அமிலத்தில் கழுவிய நானோகுழாயில் எதிர்மின்னூட்டமுள்ள கார்பாக்சில் தொகுதிகள் இருக்கும். வாலைநீரில் அவைதான் மருந்தை இழுத்துப் பிடிக்கின்றன. சிறுநீரில் சோடியமும் பொட்டாசியமும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். காரநிலையில் மின்னூட்டம் பெரும்பாலும் போய், மருந்து குழாயின் கார்பன் பரப்பிலேயே ஒட்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் கலங்கும். பயப்பட வேண்டாம், கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்தான். ஆனால் அது துகளை மூடிவிடும். மையவிலக்கியில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 10 நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். நீர்க்கச் செய்ய வாலைநீர்தான். கிருஷ்ணகிரி போன்ற ஊர்களின் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை கலங்கலைக் கூட்டும். கலங்கலோடு கொஞ்சம் மருந்தும் போகலாம் என்பதால் உள்தரப் பொருளை (இழப்பை ஈடுகட்ட, தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருளை) காரத்துக்கு முன்பே சேருங்கள்.

சோதனை: காந்தம் வைத்துப் பிரித்த கழிவு நீரையும் மருந்தை அளக்கும் கருவியில் ஓட்டுங்கள். மருந்து அதில் இருந்தால் ஒட்டவில்லை. இல்லையென்றால் துகளிலிருந்து கழன்று வரவில்லை. அப்படியானால் மருந்தைக் கழற்ற, வெறும் மெத்தனாலுக்குப் பதில் 1% ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனால் போடுங்கள். அதற்கு மேல் அமிலம் வேண்டாம், துகளின் காந்தப் பகுதியான இரும்பு ஆக்சைடு கரையும்.

ஒன்று: நோயாளியின் சிறுநீரில் மாறாத அமிட்ரிப்டிலின் சொற்பமே. பெரும்பகுதி ஹைட்ராக்சி வளர்சிதைப் பொருள்களாகவும் குளுக்குரோனைடாகவும் (உடல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு பிணைத்த வடிவம்) வரும். நொதியால் பிளக்காமல் அளந்தால் எண் குறைவாகத்தான் காட்டும்.