கறிவேப்பிலைப் புழுவும் விளாம்பழ யானையும்: வாசகர் கேள்விகள்

கோபியிலிருந்து ஒரு வாசகி: புறக்கடைக் கறிவேப்பிலையில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. பிறகு பார்த்தால் பச்சைப் புழு, கிளையே மொட்டை. என்ன மருந்து அடிக்கலாம்?

ஒன்றும் அடிக்காதீர்கள். நாளைக்கு அரிசியும் பருப்புஞ் சாதத்தில் தாளிக்கப்போகும் இலை அது. நீங்கள் பார்த்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். தாய்ப்பூச்சி கொழுந்தில் வெளிர் மஞ்சள் முட்டைகளைத் தனித்தனியாக இட்டுவிட்டுப் போகும். குஞ்சுப் பருவத்தில் எச்சத்தின் வேடம், வளர்ந்தபின் இலையின் நிறம். இரண்டும் பறவைகளை ஏமாற்றத்தான். பச்சைப் புழுவின் தலைக்குப் பின்னால் ஓர் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கவட்டை போலச் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று வெளியே நீளும்; கூடவே மூக்கைத் துளைக்கும் நாற்றம். எறும்பு அதற்குப் பின்வாங்கும். வளர்ந்த மரம் நாலு புழுவைத் தாங்கும், மீண்டும் துளிர்க்கும். நட்டுச் சில மாதமே ஆன கன்று என்றால், புழுவை இலையோடு எடுத்துப் பெரிய கறிவேப்பிலையிலோ வில்வத்திலோ விட்டுவிடுங்கள்.

ஈரோட்டு மாணவர் ஒருவர்: எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் கசக்கினால் ஏன் மணக்கின்றன?

எலுமிச்சை இலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஊசியால் குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கும்போது பை உடைகிறது, மணம் கிளம்புகிறது. வில்வம், விளா, காட்டெலுமிச்சை என்கிற குருந்து எல்லாம் இதே எலுமிச்சைக் குடும்பமே. நமக்குப் பசியைக் கிளப்பும் மணம் பெரும்பாலான பூச்சிகளுக்கு ஆகாது. செடி அதைச் சேர்த்து வைப்பது தற்காப்புக்கு. ஆனால், மேலே சொன்ன வண்ணத்துப்பூச்சிக்கு அந்த மணமும் இலையின் சுவையும்தான் முகவரி. முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்த்துவிட்டே முட்டையிடும். விரட்டுவதற்கு வைத்ததே விருந்துக்கு அழைப்பாகிவிட்டது. எனக்கு இந்தக் குடும்பத்தில் அலுக்காத விஷயம் இதுதான்.

காரமடை விவசாயி: கறிவேப்பிலைத் தோட்டத்தை ஒட்டி எலுமிச்சை வைக்கலாமா?

நான் வைக்க மாட்டேன். கொழுந்துகளில் வாலைத் தூக்கியபடி சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிறச் சிறு பூச்சியைக் கவனித்திருப்பீர்கள். சில்லா பூச்சி என்பார்கள். கறிவேப்பிலையில் அது கொழுந்தைச் சுருட்டுவதோடு சரி. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கோ ‘கிரீனிங்’ நோயின் பாக்டீரியாவை ஏற்றிவிடும். அந்த நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. கறிவேப்பிலையை அறுத்தபின் வரும் புதுத் துளிர் அந்தப் பூச்சிக்கு வளர்ப்புப் பண்ணை. ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால், இரண்டு பயிரிலும் துளிர் விடும் சமயத்தில் தவறாமல் பாருங்கள். எலுமிச்சை நாற்றை நம்பகமான நாற்றங்காலில் வாங்குங்கள்.

சத்தியமங்கலம்: யானை விளாம்பழம் தின்னுமா?

விரும்பித் தின்னும். பழுத்த விளாவின் மணம் நமக்கே தூரத்தில் தெரியும். யானையின் மூக்குக்குச் சொல்ல வேண்டுமா? விதை லத்தியில் கேடில்லாமல் வெளிவந்து, வேறோரிடத்தில் எருவோடு முளைக்கும்.

தாராபுரம்: எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசலாமா?

பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். சாற்றிலும் தோலிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும். கருந்தழும்பு போக வாரக்கணக்கில் ஆகும். ரசத்துக்குப் பிழியுங்கள், போதும்.

காங்கேயம்: காயவைத்த கறிவேப்பிலை விதை முளைக்கவே இல்லை.

காயவைத்ததுதான் காரணம். கறுத்த பழத்தைப் பறித்த கையோடு சதையைப் பிதுக்கி எடுத்துவிட்டு ஊன்றுங்கள். கொண்டைக்குருவி செய்வதும் ஏறக்குறைய அதுதான். வேலியோரம் யாரும் வைக்காத கன்றுகள் முளைப்பது அதனால். அவசரம் என்றால் பழைய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை மண்ணோடு பெயர்த்து நடுங்கள்.