சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளியில் பேசுவதைத் தொழிலாக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 39. அம்பத்தூரில் இருக்கிறோம். மகனுக்கு ஆட்டிசம்; ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்காக அலைந்ததில் சட்டம், சலுகை எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. தெரபி சென்டரில் பார்க்கும் அம்மாக்கள், “எங்க ஸ்கூலுக்கும் கொஞ்சம் வந்து பேசுங்களேன்” என்று கூப்பிடுகிறார்கள். சிலருக்காகப் போய் வந்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், அங்கே இது முறையான தொழில் என்கிறார். ஐடி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? எல்எல்பி படிக்க வேண்டுமா, சிறப்புக் கல்வியில் பிஎட் போதுமா? இதற்குக் காசு வாங்குவது சரியா?

பதில்: இறங்கலாம். ஆனால் உங்கள் நாத்தனார் சொல்லும் தொழில் அதே உருவத்தில் இங்கே இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்விக்கென்றே ஐடிஇஏ என்ற சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி எனப்படும் தனிக் கல்வித் திட்டத்தைப் பள்ளி எழுதியே ஆக வேண்டும். அதை எழுதும் கூட்டத்துக்கு, பிள்ளையைப் பற்றி விஷயம் தெரிந்த ஒருவரைப் பெற்றோர் கூடவே அழைத்துப் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பள்ளி சம்மதித்தால் உள்ளே போகலாம்; “பேரன்ட்ஸ் மட்டும் வந்தா போதும்” என்று சொல்லிவிட்டால் ரிசப்ஷனில் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் சென்னையில் இந்த வேலையின் முக்கால் பங்கு கூட்டத்துக்கு முன்னும் பின்னும், காகிதத்தில்தான் நடக்கிறது. ரிப்போர்ட்டைப் படிப்பது, ஃபைல் சேர்ப்பது, கடிதம் எழுதுவது, பெற்றோரைப் பேசத் தயார்ப்படுத்துவது. இதில் கை தேர்ந்தவரைத் தேடி வருவார்கள். ‘நான் வந்து பேசித் தருகிறேன்’ என்று மட்டும் ஆரம்பிப்பவருக்கு எந்தப் பள்ளியிலும் இரண்டாவது முறை கதவு திறக்காது.

காகித வேலை என்றால் என்ன என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிக்கல் தரும் கற்றல் குறைபாடு உள்ள ஏழாம் வகுப்புப் பெண்ணின் அசெஸ்மென்ட் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பினே காமத் சோதனையில் அறிவுத்திறன் சராசரி. கற்றல் குறைபாட்டைச் சோதிக்கும் நிம்ஹான்ஸ் பேட்டரியில் வாசிப்பும் எழுத்தும் வகுப்புக்கு இரண்டு மூன்று வருடம் பின்தங்கி இருக்கின்றன. கணக்கில் குறை இல்லை. கடைசிப் பக்கத்தில் எல்லா ரிப்போர்ட்டிலும் வருவதுபோல ‘ரெமடியல் டீச்சிங் தேவை, வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தவும்’ என்று இருக்கும். பெரும்பாலான பெற்றோர் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளியும் வாங்கி ஃபைலில் போட்டுவிடும். அதோடு சரி.

நீங்கள் நடுப் பக்கங்களைப் படிக்க வேண்டும். கணக்கு வருகிறது, ஆனால் கணக்குப் பரீட்சையில் மார்க் வரவில்லை என்றால் எங்கே இடிக்கிறது? கேள்வியை வாசிப்பதில். அப்படியானால் கேட்க வேண்டியது, கணக்குத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர். சமூக அறிவியலில் பதில் வாயில் இருக்கிறது, கையில் வரவில்லை என்றால் கேட்க வேண்டியது ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்), இல்லாவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு வாய்மொழித் தேர்வு. ‘என் பிள்ளைக்கு உதவுங்கள்’ என்று எழுதினால் பிரின்சிபால் “கண்டிப்பா பார்த்துக்கறோம்மா” என்பார், அவரும் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் காலாண்டுத் தேர்வு அன்று ஹாலில் இருக்கும் ஆசிரியருக்கு அந்த விஷயமே போய்ச் சேர்ந்திருக்காது. அதையே, ‘காலாண்டுத் தேர்விலிருந்து கணக்குப் பாடத்துக்குக் கேள்வி வாசிப்பவர் வேண்டும். யார் வாசிப்பார், எந்த அறையில் என்பதைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு தெரிவிக்கக் கோருகிறோம். ரிப்போர்ட்டின் ஐந்தாம் பக்கம் இணைப்பு’ என்று எழுதினால், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை, அதிகம் போனால் இரண்டு. பத்துக் கோரிக்கை எழுதினால் பள்ளி தனக்குச் சுலபமானதை மட்டும் செய்து முடித்துக்கொள்ளும்.

கூட்டம் முடிந்த அன்றே ஒரு மெயில் போக வேண்டும்: ‘இன்று பேசியதில் ஒப்புக்கொண்டவை இவை, விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.’ பெற்றோர் பெயரில், பெற்றோர் மெயிலிலிருந்து. உங்கள் பெயர் அதில் வர வேண்டியதே இல்லை. இதைத் தாங்கிக்கொள்ளும் மனது இந்தத் தொழிலுக்கு அவசியம்.

அடுத்தது சட்டம். ஐந்தாறு பிரிவுகளை எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்லும்படி தெரிந்திருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அதன் 16வது பிரிவுதான் உங்கள் அன்றாடக் கருவி. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்பது 31வது பிரிவு. 40 சதவீதச் சான்றிதழ் இல்லாவிட்டால் எதுவுமே கிடையாது என்று பள்ளிகள் சொல்வதுண்டு. அது தவறு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறை உள்ள ஒருவருக்கு ஸ்க்ரைப் தர வேண்டும் என்று விகாஷ் குமார் வழக்கில் 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமைக்கு 40 சதவீதம் நிபந்தனை இல்லை என்றும் தெளிவாக்கியது. அது யுபிஎஸ்சி தேர்வு பற்றிய வழக்குதான் என்றாலும், அதன் தர்க்கத்தைப் பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் தாராளமாகச் சுட்டலாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ஐக் கையாளும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அது சொல்கிறது. “டிசி வாங்கிட்டு என்ஐஓஎஸ்ல போட்டுடுங்க” என்று பள்ளி சொல்லும்போது இதுதான் கைகொடுக்கும். என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி சில பிள்ளைகளுக்கு அருமையான வழி. ஆனால் அதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும், பள்ளி தலையில் கட்டக் கூடாது. ஆனால் சென்னையில் எத்தனையோ பள்ளிகள் சிறுபான்மை நிறுவனங்கள் நடத்துபவை. அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் பிரமதி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அது சரிதானா என்று 2025ல் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வே கேள்வி எழுப்பியிருக்கிறது. முடிவு வரும்வரை, அந்தப் பள்ளிகளுக்கு எழுதும்போது 2016 சட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தவறான சட்டத்தைக் காட்டி ஒரு கடிதம் போனால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் சரியான கடிதத்தையும் அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

டிசி விஷயத்தில் இன்னொன்று. வெளியேற்றுகிறோம் என்று பள்ளிகள் எழுதித் தருவது அபூர்வம். ‘சொந்த விருப்பத்தில் மாற்றுகிறோம்’ என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவதுதான் வழக்கம். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் உங்களுக்கு ஃபோன் வர வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். போட்ட பிறகு மீட்பது மிகக் கடினம்.

பள்ளியில் முடியாவிட்டால் மேலே போகும் வழிகள்: மெட்ரிக் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், சிபிஎஸ்இ என்றால் அண்ணா நகரில் இருக்கும் மண்டல அலுவலகம், எல்லாவற்றுக்கும் பொதுவாக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆணையரிடம் மனுக் கொடுக்க வக்கீல் தேவையில்லை. ஆட்களை வரவழைத்து விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. பரிந்துரையைப் பெற்றவர் 3 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று பதில் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்; ‘ஆணையரிடம் போனால் மறுநாளே சீட் கிடைக்கும்’ என்ற எண்ணத்தோடு யாரையும் அங்கே அனுப்பாதீர்கள்.

படிப்புக்கு வருவோம். எல்எல்பி இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று வருடம் நேரில் போய்ப் படிக்க வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. வழக்கு நீதிமன்றம் போனால் இந்தத் துறை தெரிந்த ஒரு வக்கீலிடம் ஒப்படையுங்கள். அந்தத் தொடர்பு உங்களுக்குப் போதும். ஒரு விஷயம்: விசிட்டிங் கார்டில் ‘அட்வகேட்’ என்று போடாதீர்கள். 1961ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி அது பதிவு பெற்ற வக்கீல்களுக்கானது. ‘கல்வி உரிமை ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்ளலாம்.

சிறப்புக் கல்வியில் பிஎட், நேரமும் வசதியும் இருந்தால், நிச்சயம் நல்ல முதலீடு. ரிப்போர்ட்டைப் படிக்கவும், ஆசிரியரின் பக்கத்துக் கஷ்டம் புரியவும் அதைவிட நல்ல வழி இல்லை. 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் எது முடியும், எது முடியாது என்று தெரியாமல் கேட்கும் கோரிக்கை வீண். முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட் (பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம்) போன்ற நிறுவனங்களை விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்சிஐயின் அங்கீகாரம் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். படித்து முடித்ததும் ஆர்சிஐயில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் சிறப்புக் கல்வியாளர் என்று தொழில் செய்வது குற்றம். ஓராண்டு வரை சிறைகூட உண்டு. அதே காரணத்தால், பிள்ளையைப் பார்த்து ‘இது ஏடிஎச்டி மாதிரி இருக்கு’ என்று நீங்கள் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

பிஎட்டுக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற இடங்களில் தன்னார்வலராக வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட்டிசம் தெரியும், அதுவும் உங்கள் மகனின் ஆட்டிசம். காது கேளாத பிள்ளையின் வகுப்பறைத் தேவை முற்றிலும் வேறு. ஓரிரு வகையில் ஆழமாகத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றுக்கு ‘எனக்குத் தெரியாது, இவரிடம் போங்கள்’ என்று சொல்லும் ஆலோசகரைத்தான் பெற்றோர் நம்புவார்கள்.

காசு வாங்குவது சரிதான். இலவசமாகச் செய்தால் இரண்டு வருடத்தில் களைத்துப்போய் விட்டுவிடுவீர்கள், நட்டம் குடும்பங்களுக்கு. செய்யும் வேலைக்குக் கட்டணம் வையுங்கள்: ஃபைல் படித்து எழுத்தில் கருத்துத் தருவதற்கு இவ்வளவு, கடிதத்துக்கு இவ்வளவு, கூட்டத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘சீட் கிடைத்தால் தாருங்கள்’ என்று பலனை வைத்து வாங்காதீர்கள். அது உங்களை அறியாமலே நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைத் தர வைக்கும். தெரபி சென்டரோ பள்ளியோ ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் தந்தால் தொடவே வேண்டாம். வசதியில்லாத குடும்பத்துக்குக் குறைத்து வாங்குங்கள்; அரசின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் உதவி இலவசம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இதை மட்டும் நம்பி வீடு நடத்த முடியுமா என்றால், முதல் சில வருடம் முடியாது. ஐடி வேலையை இப்போது விடாதீர்கள், சனிக்கிழமைகளில் ஆரம்பியுங்கள். இந்த வேலையில் நிலைத்தவர்கள் கூடவே பள்ளிகளுக்கு ஆசிரியர் பயிற்சி, பெற்றோர் வகுப்பு, பகுதிநேரச் சிறப்பாசிரியர் பணி என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள். வாய்ப்பு கூடுவதற்கும் காரணம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021ல் உச்ச நீதிமன்றம் விகிதம் சொன்னது. 2025ல் மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்கவும் உத்தரவிட்டது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மகன் படிக்கும் பள்ளியில் இன்னொரு பிள்ளைக்காகப் போய் உட்காராதீர்கள். அங்கே நீங்கள் அவனுடைய அம்மா மட்டும்தான். அந்தப் பள்ளியிலிருந்து யாராவது கேட்டு வந்தால், கடிதம் எழுதச் சொல்லிக் கொடுங்கள். கூட்டத்துக்கு வேறொருவரை அனுப்புங்கள்.