அவங்க பேசுறாங்க, நான் சும்மா நிக்கிறேன்

கேள்வி: அக்கா, நான் சேலம் அம்மாப்பேட்டை, வீட்டுல தறி ஓடுது. பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு ஸ்கூல் கேட் பக்கத்துல நாலு பேரு நின்னு பேசுவோம். ஒருத்தி மாடித்தோட்டம்பா, ஒருத்தி போன வாரம் ஏற்காடு போனேன்பா, இன்னொருத்தி எப்பவும் புது ஹோட்டல் கதை. எனக்கு ரெண்டு ரூம் வாடகை வீடு, ஊர் சுத்த காசும் இல்ல நேரமும் இல்ல. சிரிச்சுட்டே நின்னுட்டு வந்துடுறேன். நான் என்னத்த பேச?

பதில்: கண்ணு, லெட்டரைப் படிச்சதும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, தப்பா எடுத்துக்காத, பேசுறதுக்கு மூணு பேர் இருக்காங்க கேக்குறதுக்கு நீ ஒருத்திதான இருக்க, ரெண்டு நாள் நீ போகலைன்னா தெரியும் சேதி. ஆனா சும்மா தலையாட்டிட்டு நிக்காத, கேள்வி கேளு.

ஏற்காடு போனவ 20 கொண்டை ஊசி வளைவு, லேடீஸ் சீட் வியூ பாயிண்ட், மொளகா பஜ்ஜி, இதைத்தான் சொல்லுவா, எல்லாரும் சொல்றதுதான். நீ "காபி பூத்திருந்துச்சா?"னு கேளு. கோடை மழை ஒண்ணு நல்லா புடிச்சுதுன்னா எட்டு பத்து நாள்ல எஸ்டேட்டே வெள்ளை வெளேர்னு பூத்துடும், கிட்டத்தட்ட மல்லி வாசம், ரெண்டு மூணு நாள்தான் அப்புறம் வாடிடும். அவ பாக்கலைன்னா அடுத்த தடவை எப்ப போறதுனு உன்கிட்டதான் கேப்பா.

மாடித்தோட்டக்காரிகிட்ட ஏற்காட்டுச் செடி எத்தனை செத்துச்சுனு கேளு (கண்டிப்பா செத்திருக்கும்). நானும் ஆசைப்பட்டு காபி நாத்து கொண்டாந்து மொட்டை மாடில வச்சேன், ஏப்ரல் தாண்டல. அங்க 1,500 மீட்டர் உயரம், நம்மூரை விட ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சி, அதுவும் சில்வர் ஓக் நிழல்ல வளர்றது, அதை வெயில் கால சிமெண்ட் தளத்துல வச்சா என்ன பண்ணும் பாவம்.

உனக்கு மாடி வேண்டாம், ஒரு ஜன்னல் போதும். கடைல வாங்குற புதினா கட்டுல தடியான தண்டா நாலு எடுத்து கீழ் இலையைக் கிள்ளிட்டு டம்ளர் தண்ணில போடு, தண்ணிய அப்பப்ப மாத்து, ஒரு வாரம் பத்து நாள்ல வேர் விட்டுரும். அப்புறம் பழைய பெயிண்ட் டப்பாக்கு அடில ஓட்டை போட்டு மண்ணு கொட்டி நட்டுடு.

சாப்பாட்டு விஷயத்துல நீ வாயைத் தொறக்காம நிக்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். சேலத்துல இருந்துட்டு, ரெண்டு தட்டைக்கு நடுவுல காயும் சட்னியும் வச்சுத் தர்ற தட்டுவடை செட்டு பத்தி பேச மேட்டர் இல்லையா? எந்த வண்டில பீட்ரூட்டை மெலிசா சீவுறான், எவன் கார சட்னில தண்ணி விடுறான், கைல வாங்குன உடனே வாய்ல போடலைன்னா எப்படி நமுத்துப் போகுதுனு உனக்குத் தெரியாததா, ஹோட்டல்காரிக்கு இதெல்லாம் தெரியாது.

காசு விஷயம் மட்டும் ஒளிக்காத. ஹோட்டலுக்குக் கூப்பிட்டா இந்த மாசம் முடியாதுடினு நேராச் சொல்லிடு, சாக்கு சொல்ல ஆரம்பிச்சா அது முடியவே முடியாது. பதிலுக்கு ஒரு சனிக்கிழமை மூணு பேரையும் வீட்டுக்குக் கூப்பிடு. தட்டுவடை பாக்கெட் ஒண்ணு, ரெண்டு கேரட், ஒரு பீட்ரூட், வெங்காயம், பெரிய செலவெல்லாம் இல்ல, தறி ஓடுறதையும் பாக்கட்டும், பாதி பேர் பாத்திருக்க மாட்டாங்க. பச்சை சட்னிய ஜன்னல் புதினால அரைச்சு வை. மாடித்தோட்டக்காரி தண்டு கேப்பா, ரெண்டு கிள்ளிக் குடு.