கடைசி இருபது மீற்றரில் ஃபோன் பைக்குள் போகட்டும்

கேள்வி: ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே இறக்கலாம் என்று, மற்றவர்கள் ஒளித்து வைத்த பெட்டிகளை ஃபோனின் ஜிபிஎஸ் உதவியால் தேடும் ஜியோகாஷிங் விளையாட்டின் செயலியைத் தரவிறக்கினோம். முதல் நாளே, வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு பெட்டியை முக்கால் மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. சின்னவள் அழுதுகொண்டு வந்தாள். பெரியவன் முழு நேரமும் ஃபோனைத்தான் பார்த்தான். எங்கே பிழை விட்டோம்? இதில் உண்மையிலேயே படிப்பும் உடற்பயிற்சியும் கிடைக்குமா?

பதில்: நீங்கள் தேடிய விதத்தை விட, தெரிவு செய்த பெட்டிதான் பிழையாக இருந்திருக்கும். நகரத்துக்குள் வீட்டுக்குக் கிட்டக் கிடைப்பவற்றில் பல, கம்பி வேலியிலோ விளக்குக் கம்பத்திலோ காந்தத்தால் ஒட்டியிருக்கும் நகக்கண் அளவுக் குப்பிகள். கண்டெடுத்தவர்கள் பெயர் எழுத உள்ளே சுருட்டிய ஒரு கடதாசித் துண்டைத் தவிர வேறொன்றும் இராது. பழகியவர்களே அவற்றைத் தவறவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கிடைத்தாலும் ஏமாற்றம்தான்.

செயலியில் ஒவ்வொரு பெட்டிக்கும் அளவு, தேடும் கடினம், பாதையின் கடினம் என மூன்று விபரங்கள் இருக்கும். கடினங்கள் இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். பாதை 1 என்றால் சக்கர நாற்காலியும் போகக்கூடிய இடம். தள்ளுவண்டியோ அம்மம்மாவோ கூட வருவதென்றால் அதைத்தான் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு, முதல் மாதம் இப்படித் தெரிவு செய்யுங்கள்: அளவு ‘சிறியது’ (100 மில்லிலீற்றர் முதல் 1 லீற்றர் வரை) அல்லது ‘சாதாரணம்’ (அதற்கு மேல், 20 லீற்றர் வரை); தேடும் கடினம் 1.5க்கு மேல் வேண்டாம். பாதை 2க்கு மேல் வேண்டாம். அடுத்து, முன்பு போனவர்களின் பதிவுகளைத் திறந்து பாருங்கள். இதை எல்லோரும் தவறவிடுகிறார்கள். கடைசி ஒரு மாதத்துக்குள் யாராவது கண்டெடுத்திருக்க வேண்டும். கடைசி இரண்டு பதிவுகளும் ‘கிடைக்கவில்லை’ என்றால் அந்தப் பெட்டி பெரும்பாலும் அங்கே இல்லை. விட்டுவிடுங்கள். இலவசக் கணக்கில் எல்லாப் பெட்டிகளும் திறக்காது, ஆனால் மேலே சொன்ன இலகுவானவை பல திறக்கும். காசு கட்ட அவசரப்பட வேண்டாம்.

இனி ஃபோன் விடயம். திறந்த வெளியில் நல்ல ஃபோன் ஒன்று இடத்தைச் சுமார் 5 மீற்றருக்குள் காட்டும். பெட்டியை ஒளித்தவரின் கருவிக்கும் அதே அளவு பிழை உண்டு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக விழுந்தால் 10 மீற்றர் விலகும். இலை அடர்ந்த மரங்களின் கீழும், பள்ளத்தாக்குச் சரிவுகளிலும் இன்னும் கூடும். அதனால் அம்புக்குறி சுழலத் தொடங்கும் இடத்தில் அதன் பின்னாலேயே சுற்றுவதில் பயனில்லை. 20 மீற்றர் என்று காட்டும்போது நின்று, ஃபோனை மட்டமாகப் பிடித்து ஒரு நிமிடம் பொறுங்கள். அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டாகப் பத்துப் பதினைந்து காலடி தள்ளிப் போய் இன்னொரு முறை பாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைச் சுற்றித்தான் தேட வேண்டும். அத்தோடு ஃபோன் உங்கள் பைக்குள் போகட்டும். பெரியவன் அதுவரை வழிகாட்டி. அதன்பின் சின்னவள்தான் தலைவி.

அம்பு தொடக்கத்திலிருந்தே தாறுமாறாக ஆடினால், காந்தப் பூட்டு வைத்த உறையைக் கழற்றுங்கள். அது ஃபோனின் திசைகாட்டியைக் குழப்பும். இடம் நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளிக் காட்டினால், அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் துல்லியமான இட அனுமதி கொடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பற்றரி சேமிப்பு முறையையும் நிறுத்திவிடுங்கள். இணையத் தொடர்பு இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடம்தான் வெறுமையாகும். வீட்டிலேயே செயலியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, ஃபோன் திரையைப் படம் பிடித்து வைத்தால் போதும்.

தேடும்போது நிலத்தைத் தோண்ட வேண்டியதே இல்லை. இட உரிமையாளரின் அனுமதி இல்லாமல் புதைத்து வைக்க விதியில் இடமில்லை. இயற்கையாக விழுந்த குச்சிகள் வரிசையாகக் கிடக்காது. நான்கைந்து குச்சிகள் ஒரே நீளத்தில் பக்கம் பக்கமாகக் கிடந்தால், அல்லது அடிமரப் பொந்தை ஒரு மரப்பட்டை கதவு மாதிரி மூடியிருந்தால், அங்கே கைவையுங்கள். கால் மணி நேரம் தேடிக் கிடைக்காவிட்டால் குறிப்பைத் திறக்கலாம். இணையதளத்தில் அந்தக் குறிப்பு ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி எழுதப்பட்டிருக்கும், ஏ என்றால் என். பெரியவன் அதைத் தாளில் எழுதி உடைக்கட்டும். பிறகும் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்ததுக்கு நடங்கள். முக்கால் மணி நேரம் எந்தப் பிள்ளையும் தாங்காது.

உடற்பயிற்சி பற்றி நேராகச் சொன்னால், தேடுவது உடற்பயிற்சி இல்லை, நடப்பதுதான். 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்பது கனடாவின் வழிகாட்டல். காரை நிறுத்தி, எடுத்து, திரும்பும் பெட்டிகளால் அது நடக்காது. பூங்காப் பாதையில் வட்டமாக வரும் 3 கிலோமீற்றருக்குள் மூன்று நான்கு பெட்டிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே நடை தானாக வரும். சின்னவளின் வேகத்தில், தேடலோடு சேர்த்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஓட வைக்கவும் ஒரு வழி உண்டு: 200 மீற்றர் மிச்சம் என்று காட்டும்போது, “100 மீற்றர் எங்கே வரும் என்று நினைக்கிறீங்களோ அங்க ஓடிப்போய் நில்லுங்க” என்று அனுப்பிவிட்டுப் பின்னால் ஃபோனோடு போய்ப் பாருங்கள். நான்காவது தடவைக்குள் இருவரும் தூரத்தைக் கண்ணாலேயே அளக்கத் தொடங்குவார்கள்.

படிப்புக்கு ஆள்கூறே போதும், அதாவது பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் அகலாங்கு, நெட்டாங்கு எண்கள். ரொறன்ரோவில் எல்லாமே வடக்கு 43 பாகை, மேற்கு 79 பாகை. மாறுவது கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அதன் தசமமும். வடக்குத் தெற்காக ஒரு கலை 1852 மீற்றர், ஆகவே மூன்றாம் தசமத்தில் ஒன்று கூடினால் 1.85 மீற்றர். கிழக்கு மேற்காக அதே ஒன்று இங்கே 1.34 மீற்றர்தான். ஏன் குறைகிறது என்று மகன் கேட்பான். ஒரு தோடம்பழத்தில் கோடு கீறிக் காட்டுங்கள். இன்னொன்று: கூகுள் வரைபடம் 43.79123 என்று பாகைத் தசமத்தில் தரும், ஜியோகாஷிங் பாகையும் கலையுமாக எழுதும். புள்ளிக்குப் பின் உள்ளதை 60ஆல் பெருக்கினால் 47.474 கலை. பெருக்காமல் 43.47474 என்று போட்டால் 35 கிலோமீற்றர் தெற்கே, ஒன்ராறியோ ஏரிக்குள் நிற்பீர்கள்.

இதை வைத்தே நீங்களும் ஒரு வேட்டை செய்யலாம். கிட்டவுள்ள ஒரு பூங்காவில் ஐந்து டப்பாக்களை வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அடுத்ததன் ஆள்கூறைத் தமிழ்ச் சொற்களில் எழுதுங்கள்: ‘வடக்கு, நாற்பத்தேழு தசம் நானூற்று எழுபத்து நான்கு’. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தூங்கும் எண்கள் அங்கே விழித்துக்கொள்ளும். விளையாட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எல்லோரும் தேடும்படி செயலியில் வெளியிட நினைத்தால் இட உரிமையாளரின் அனுமதியும், தொடர்ந்து பராமரிப்பும் வேண்டும். அது பிறகு பார்க்கலாம்.

பையில் இரண்டு பேனா, மேலதிக பற்றரி, கூர்முனைச் சாமணம் ஒன்று. குப்பிக்குள் சுருண்ட தாளை எடுக்கவும், உண்ணி கடித்தால் பிடுங்கவும் அதே சாமணம்தான். மாற்றிக்கொள்ளச் சில கோலிக்குண்டு, சிறு பொம்மை போதும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்பிலோ கூடவோ ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் கூடாது, விலங்குகள் பெட்டியைக் கடித்துத் திறந்துவிடும். எண் பொறித்த தகடு தொங்கும் பொருள் பயணப்பொருள், அது மாற்றுப்பண்டம் இல்லை. எடுத்தால் செயலியில் பதிந்து இரண்டு கிழமைக்குள் இன்னொரு பெட்டியில் சேர்க்க வேண்டும். சின்னவள் வைத்துக்கொள்ளக் கேட்பாள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதிவுகள் எவரும் வாசிக்கக்கூடியவை, ஆகவே பிள்ளைகளின் சொந்தப் பெயரும் முகமும் வேண்டாம்.

உண்ணி விடயத்தில் அசட்டை வேண்டாம். ஸ்காபரோவின் கிழக்கே உள்ள றூஜ் பகுதியில் லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. வெப்பம் 4 பாகைக்கு மேல் போனால் அவை நடமாடும். வெளிர் நிற நீளக் காற்சட்டை, அதன் விளிம்பு காலுறைக்குள். 20% வரை இகாரிடின் கலந்த பூச்சு, 6 மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமயிர் ஓரம் பாருங்கள். கடித்திருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே மேலே இழுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று மூன்று இலையாக நிற்கும், தொட்டால் தோல் அரிக்கும் பொய்சன் ஐவிச் செடியையும் இருவருக்கும் படத்தில் காட்டி வையுங்கள். கை பட்டால் உடனே சவர்க்காரமும் குளிர்ந்த நீரும்.

குளிர்காலத்தில் பனிப்பூ அடையாளம் உள்ள பெட்டிகளை மட்டும் தேடுங்கள். மற்றவை நிலத்தோடு உறைந்துவிடலாம். குளிரில் பற்றரி மளமளவென இறங்கும், ஃபோன் உட்சட்டைப் பையில் இருக்கட்டும். அந்த மாதங்களுக்கு அட்வென்ச்சர் லாப் செயலி நல்லது. பெட்டியே கிடையாது, பெரும்பாலும் ஐந்து இடங்கள், அங்கே போய் நின்றால்தான் கேள்வி திறக்கும். ஆனால் வாசிப்பு கூட. பெரியவனுக்குப் பிடிக்கும். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.