ஆடு மேயும் அப்பியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ரோம் போயிருந்தேன். அப்பியா என்ற பழைய ரோமானியச் சாலையை ஒட்டிய பூங்கா பெரிய ஏமாற்றம். ஆரம்பத்தில் நடைபாதையே இல்லை. இரு பக்கமும் மதில், நடுவே கார்கள் உரசிக்கொண்டு போகின்றன. அப்புறம் செங்கல் குவியலாகக் கல்லறைகள், இடையிடையே பணக்காரர்களின் பங்களா கேட்டுகள், பள்ளத்தாக்கில் ஆட்டு மந்தை. வேலி போட்டு, டிக்கெட் வைத்து ஒழுங்காகப் பராமரிக்கக் கூடாதா?

கே.

அன்புள்ள கே.,

நடைபாதை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. நானும் அந்த மதிலோடு மதிலாக ஒட்டி நின்றிருக்கிறேன். சான் கலிஸ்டோ என்ற நிலத்தடிக் கல்லறை வளாகத்தின் உள்பாதையில் போனால் அந்தத் தொல்லை கிடையாது. யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பங்களா கேட்டுக்கு வருகிறேன். நகருக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். எனவே பொ.மு. 312-இல் தொடங்கிய இந்தச் சாலையின் ஓரத்தில், போவோர் வருவோர் கண்ணில் படும்படி, காசுள்ளவர்கள் கல்லறை கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காசுள்ளவர்களுக்கு அங்கே குடியிருக்கவும் ஆசை வந்துவிட்டது. வீடுகள் முளைத்தன. 1951-இல் நகரைச் சுற்றிவரும் வட்டச்சாலை அப்பியாவைக் குறுக்கே வெட்டியது. வட்டச்சாலையைச் சுரங்கப்பாதைக்குள் இறக்கி அப்பியாவை மறுபடி இணைக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

அந்தோனியோ செடெர்னா என்ற பத்திரிகையாளர் 1953-இல், அப்பியாவை அழிப்பவர்களைக் கொள்ளைக்கூட்டம் என்று தலைப்பிலேயே திட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1996-இல் சாகும்வரை விடவில்லை. 1965-இல் நகரத் திட்டம் அந்த நிலத்தைப் பொதுப்பூங்கா என்று குறித்தது. சட்டப்படி பூங்கா ஆனது 1988-இல்தான். அதற்குள் எழும்பிய வீடுகள் எழும்பியவைதான். நிலத்தில் பெரும்பகுதி இன்றும் தனியார் கையில் இருக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் வந்தது 2024-இல், மிகக் கடைசியாக.

ஆட்டைப் பற்றி மட்டும் உங்களோடு எனக்கு ஒத்துவராது. கஃபரெல்லா பள்ளத்தாக்கில் ஆடு மேய்கிறது என்றால் அங்கே அடுக்குமாடி வரவில்லை என்று பொருள்.

வேலியும் வேண்டாம். சாலையில் பதித்திருக்கும், எரிமலைக் குழம்பு உறைந்த அந்தக் கருங்கற்களில் வண்டிச் சக்கரம் அரைத்த தடத்தைப் பார்த்தீர்களா? என் கால் கட்டைவிரல் அதற்குள் அடங்கியது. வேலிக்கு வெளியே நின்று அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்த முறை செசிலியா மெத்தெல்லா கல்லறையைத் தாண்டிக் கொஞ்சம் நடங்கள். காபோ டி போவே என்று ஒரு வீடு வரும். தனியாரிடமிருந்து 2002-இல் அரசு வாங்கியது; தோட்டத்தைத் தோண்டியபோது ரோமானியக் குளியல் கூடம் கிடைத்தது. செடெர்னாவின் காகிதங்கள் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கின்றன. அதற்கும் பங்களா கேட்டுதான். தயங்காமல் உள்ளே போங்கள்.