சைக்கிள் கேள்வி பதில்: மாமா அனுப்பின பழைய சஸ்பென்ஷன் பைக்

கேள்வி: அண்ணை, மாமா கனடாவில 97இல வாங்கி ஓடின ஃபுல் சஸ்பென்ஷன் மவுன்ரன் பைக்கை போன வருசம் சாமானோட சாமானாப் போட்டு அனுப்பினவர். முன் ஃபோர்க்கை எவ்வளவு அமத்தினாலும் அசையுதில்லை, பின்பக்கம் பள்ளத்தில விழேக்க கடக் கடக் எண்டுது. கடைக்காரர் ஷொக்கைக் கழட்டி ஒரு கம்பியை வெல்ட் பண்ணி விடுறன் எண்டுறார், விடலாமோ?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: ஐயோ தம்பி, அதை மட்டும் விடாதேங்கோ. அந்தக் காலத்து ஃபிரேம் அநேகமா அலுமினியம், இரும்புக் கம்பி அதில ஒட்டாது, அலுமினியத்தாலயே ஒட்டினாலும் சூடு பட்ட இடம் பலம் குறைஞ்சிடும், பிறகு ஹீட் ட்ரீட்மெண்ட் (திரும்பச் சூடாக்கிப் பலம் ஏத்திறது) செய்யாட்டி ஒருநாள் முறியும்.

முதல் வேலை சவுக்காரம் போட்டுக் கழுவி, ஒட்டுகளையும் பின்சில்லைத் தாங்கிற கை அசையிற மூட்டுகளையும் ரோர்ச் அடிச்சுப் பாக்கிறது. வெடிப்பு இருந்தா சுவரில கொழுவி அழகு பாருங்கோ, ஓடாதேங்கோ.

முன் ஃபோர்க்குக்குள்ள பெரும்பாலும் எலாஸ்டோமர்தான் இருக்கும், ரொக்‌ஷொக்ஸ் கொம்பனியின்ர ஜூடி ஃபோர்க்கின்ர முதல் மொடல்களிலயும் அதுதான், பொலியூரித்தேன் துண்டுகளை அடுக்கி வைச்சிருப்பாங்கள், வருசக்கணக்கில வெக்கையும் ஈரமும் பட்டா ஒண்டில் கல்லாப் போகும் இல்லாட்டி களியா உருகி ஒட்டும். மேல் மூடியைக் கழட்டி அதைச் சுரண்டி எடுத்திட்டு அதே மொத்தம், அதே நீளத்தில கொயில் ஸ்பிரிங் தேடிப் போடுங்கோ.

பின் சத்தத்துக்கு சீற்றைப் பிடிச்சு மெல்லத் தூக்கிக்கொண்டு மற்றக் கை விரலை ஒவ்வொரு மூட்டிலயும் வைச்சுப் பாருங்கோ, ஆட்டம் விரலுக்குத் தெரியும். பெயாரிங் எண்டா பக்கத்தில நம்பர் இருக்கும், 608 எண்டா 8 மிமீ ஓட்டை, வெளிவட்டம் 22, அகலம் 7, எந்தப் பெயாரிங் கடையிலயும் கேக்கலாம், சைக்கிளின்ர பேரே சொல்லத் தேவையில்லை. புஷ் (பெயாரிங்குக்குப் பதிலா இருக்கிற சின்னக் குழாய்) எண்டா பழசைக் கொண்டுபோய் லேத்தில குடுத்தா பித்தளையில கடைஞ்சு தருவினம். ஷொக்கே போயிருந்தா போல்ட் ஓட்டை நடுவிலயிருந்து மற்ற ஓட்டை நடுவு வரைக்கும் எத்தினை மிமீ, எவ்வளவு அமருது, இந்த ரெண்டையும் அளந்திட்டு வாங்குங்கோ. காஸ் அடைச்ச ஷொக்கை வீட்டில திறக்கிற விளையாட்டு வேண்டாம்.

கசூரினா கடற்கரைப் பக்கம் ஓடிட்டு வந்தா நல்ல தண்ணியால கழுவி போல்டுகளுக்கு கிறீஸ் வையுங்கோ, உப்புப் பட்டா இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள்ள இறுகிப்போய் பிறகு துளைச்சுத்தான் எடுக்கோணும்.

கேள்வி: மவுன்ரன் பைக்குக்கு 26 இஞ்சி ரயர் வாங்கினன், றிம்மில பிடிக்காமல் லூசா நிக்குது. ஏன்?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: நீங்கள் வாங்கினது 26 x 1 3/8 ஆ இருக்கும், அது வேற அளவு, ரயர் றிம்மில குந்திற இடத்தின்ர விட்டம் 590 மிமீ. மவுன்ரன் பைக்குக்கு ரயர் பக்கத்தில 559 எண்டு அடிச்சிருக்கோணும், மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோ.