குவிக்ஸாட்டும் அரண்மனைச் சிரிப்பும்

அன்புள்ள சார்,

செர்வான்டிஸ் எழுதிய ஸ்பானிய நாவல் டான் குவிக்ஸாட்டுக்கான பழைய செப்புத்தகட்டுப் படங்கள் சில கண்ணில் பட்டன. 1720களில் பாரிஸில் அச்சானவை, மூல ஓவியர் ஷார்ல் அந்துவான் குவாப்பெல் என்றிருந்தது. தன்னைப் பழங்கால வீரனாக நினைத்துக்கொண்டு அலையும், எலும்பும் தோலுமான அந்த ஐம்பது வயது நாயகர் எங்கே போனார்? ஒரே பட்டும் ஜரிகையுமாக விருந்து வீடு மாதிரி இருக்கிறது. குவாப்பெல் நாவலைப் படித்தாரா இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

நன்றாகவே படித்திருக்கிறார். ஆனால் அவர் வரைந்தது புத்தகத்துக்காக அல்ல. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சுவர்த்திரைச்சீலை நெய்ய மாதிரிப் படம் வேண்டியிருந்தது, பல வருடங்களில் 28 காட்சிகள் போட்டுக்கொடுத்தார், அவற்றைப் பார்த்துத்தான் பிறகு மற்றவர்கள் தகட்டில் செதுக்கினார்கள். திரைச்சீலை தொங்கப்போவது பிரபுக்கள் வீட்டில். பட்டும் ஜரிகையும் வராமல் என்ன செய்யும்?

எனக்கு உறுத்துவது உடை இல்லை. மரக்குதிரைக் காட்சியைப் பாருங்கள். குவிக்ஸாட்டும் அவருடைய பணியாள் சாஞ்சோவும் கண்ணைக் கட்டிக்கொண்டு, வானத்தில் பறப்பதாக நம்பி அந்தக் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலைக்காரர்கள் துருத்தியால் காற்று அடிக்கிறார்கள், இந்தக் கேலிக்கூத்தை ஏற்பாடு செய்த கோமகனும் கோமகளும் வேடிக்கை பார்க்கிறார்கள். நாமும் அவர்கள் பக்கம் நின்றுதான் பார்க்கிறோம், வேறு இடமே படம் நமக்குத் தரவில்லை. செர்வான்டிஸ் அப்படி விட்டுவிடவில்லை. இரண்டு பைத்தியங்களைக் கேலி செய்ய இவ்வளவு மெனக்கெடும் இந்தத் தம்பதி பைத்தியமாகத் தெரிய இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி என்று இரண்டாம் பாகம் 70-ஆம் அத்தியாயத்தில் ஒரு போடு போடுகிறார். குவாப்பெல் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார் (வாங்குபவர்களும் அதே ஜாதி, பாவம் அவரும்தான் என்ன செய்வார்).

1605 மாட்ரிட் முதல் பதிப்பில் காட்சிப் படங்களே கிடையாது. வரிசையாகப் படம் போட்டுப் புத்தகமாக வந்தது 1657-ல், ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில், யாகோப் சாவெரி என்பவர் வெளியிட்ட டச்சுப் பதிப்பு. கைவேலையில் குவாப்பெலுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனாலும் அடி, உதை, சத்திரம், புழுதி எல்லாம் அதில்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம், நீங்கள் தேடும் ஒல்லி உருவம் நாவலிலேயே இருப்பதுதான், ஆனால் உங்கள் மனதில் அது பதிந்தது அநேகமாக பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயால். அவை 1863-ல் வந்த மரச்செதுக்குப் படங்கள், குவாப்பெலுக்கு நூறு வருடத்துக்கு மேல் பிந்தியவை. அதற்குள் ஐரோப்பா இந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டு அவருக்காக வருத்தப்படத் தொடங்கியிருந்தது.